திங்கட்கிழமை, வியர்சோன்

வேறு வண்டி பிடிப்பதற்காக மட்டுமே
எல்லோரும் இறங்குகிற ஊரில்
இறங்குவதற்காகவே இறங்கினேன்.
வியர்சோனா, இங்கேயா என்றார் டிக்கெட் பரிசோதகர்.
ஆமாம் என்று தலையாட்டினேன், நம்மூர் ஆட்டல்.
அவருக்கு அது இல்லை என்று பட்டிருக்கும்.
பாரிஸ் வண்டி நிற்கும் நடைமேடையை
அன்போடு சுட்டிக்காட்டினார்.

கறிக்கடை பூட்டு. புத்தகக்கடை பூட்டு.
முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில்
ஒட்டியிருந்த தாளில் எனக்குப் புரிந்தது ஒரே சொல்:
செவ்வாய்.
அன்றைக்குத்தான் திறப்பார்களாம்.
சேலத்தில் சலூனுக்கு அன்றைக்குத்தான் லீவு.
இதைச் சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் ஆளில்லை.
தனியாக வந்ததில் இது ஒன்றுதான் குறை.
மற்றபடி குடையை மறந்ததற்கு
யாரிடமும் திட்டு வாங்க வேண்டியதில்லை.

காசு போட்டால் துணி துவைக்கும் கடை மட்டும்
விளக்கெரிய விழித்திருந்தது.
நான்கு நாள் அழுக்கை உள்ளே திணித்து
பட்டனை அழுத்தினேன். ஓடவில்லை.
அழுத்தினேன். ஓடவில்லை.
ஆஸ்பத்திரிச் சீருடையில் ஒருத்தி,
சட்டைப்பையில் சோலான்ஜ் என்று பெயர்,
எழுந்து வந்து
கதவை இடுப்பால் ஓர் இடி இடித்தாள்.
ஓடியது.
எங்கள் ஆபீஸ் ஜெராக்ஸ் மிஷினுக்கும்
இதே வைத்தியம்தான்.

முப்பத்தெட்டு நிமிடம்.
வட்டக் கண்ணாடிக்குள் என் மஞ்சள் துப்பட்டா
ஏறி விழுந்தது, ஏறி விழுந்தது.
அவள் தன் இயந்திரத்தை விட்டுவிட்டு
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
டூரிஸ்டா என்று கேட்டது புரிந்தது.
ஆமாம் என்றதும்
வாய்விட்டுச் சிரித்து, யாருக்கோ போன் போட்டு,
என்னைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள்.
வியர்சோன் என்ற சொல் இரண்டு முறை வந்தது,
இரண்டு முறையும் கேள்விக்குறியோடு.
எனக்குக் கோபம் வரவில்லை.
எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில்
ஒரு பிரெஞ்சுக்காரி வேடிக்கை பார்த்து நின்றால்
நானும் யாருக்காவது போன் போட்டிருப்பேன்.

மத்தியானம் நீள ரொட்டியை அக்குளில் இடுக்கி
கால்வாயோரம் நடந்தேன்.
தண்ணீர் எங்கும் போகிற மாதிரி தெரியவில்லை.
சந்தை இல்லாத சந்தைத் திடலில்
கூரையில் பலகை கட்டிய பயிற்சிக் கார்.
இரண்டு கோடுகளுக்கு நடுவே பின்பக்கமாக நுழைய
ஒரு பெண் பாடாய்ப்பட்டாள்.
மூன்று முறை கோணல்.
நான் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தபடி
வேறெங்கோ பார்ப்பதுபோல் பார்த்தேன்.
நான்காவது முறை நுழைந்துவிட்டாள்.
என்னையறியாமல் கை தட்டிவிட்டேன்.
அவள் ஹாரன் அடித்தாள்,
திடல் முழுக்கப் புறா.

ஆபீஸில் கேட்பார்கள், எங்கே போட்டோ என்று.
கோபுரம் எங்கே, நீ எங்கே என்று.
என் போனில் இருப்பது
ஒரு துவைக்கும் இயந்திரம், கோணலாய் ஒரு கார்.

ராத்திரி அறையில் துணி மடிக்கும்போது
துப்பட்டாவுக்குள் சுருண்டிருந்தது
விரல் நீளத்துக்கு ஒரு சாக்ஸ்.
பச்சை, குதிகாலில் வாத்து.
காயவைக்கும் டிரம்மில்
எனக்கு முன்னால் துணி போட்டவள் சோலான்ஜ்.
அவள் வீட்டில் யாருக்கோ இப்போது
ஒரு கால் குளிர்கிறது.

மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு
தெரிந்த தெரு போல நடந்தேன்.
கடை பூட்டு.
கைப்பிடியில் சாக்ஸை மாட்டித் திரும்பினால்
தூறல்.
காய்ந்த சாக்ஸ்.
ரொட்டி சுற்றிய காகிதம் பையில் இருந்தது.
அதில் பொதிந்து திரும்பச் செருகினேன்.
காகிதமும் நனையும், தெரியும்.

ஆறு நாற்பதுக்கு எனக்கு வண்டி.
நாளை செவ்வாய்.
எல்லாக் கடையும் திறந்திருக்கும்.