தாய் மொழியில் பரவாயில்லை

சுங்கை டுவாவில் நாலாம் மாடி.
லிஃப்ட் போன செமஸ்டரிலிருந்தே பழுது.
ரைஸ் குக்கர் வந்த அட்டைப்பெட்டிமேல்
லோஷினியின் மடிக்கணினி.
மூன்று பேருக்கு ஒரு பொட்டலம் மேகி கோரெங்,
அதில் முட்டை எப்போதும் தர்வினுக்கு.

தொடரிலும் மூன்று பேர்.
சியாங் மாயில் ஏதோ ஒரு கல்லூரி,
கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு.
ஃபா என்றொருத்தி, கிட் என்றொருவன்,
அப்புறம்
காட்சியின் ஓரத்தில் எந்நேரமும்
யாருடைய பையையாவது பிடித்துக்கொண்டு நிற்கும்
நாம்.

நாம் என்றால் தாய் மொழியில் தண்ணீராம்.
என் தாய்மொழியில்
மூன்று பேரும் அடங்குகிற சொல் அது.
சொன்னேன். தர்வின் சிரித்தான்.
லோஷினி என் மடியில் காலை நீட்டி
‘சும்மா பாரு லா’ என்றாள்.

ஒன்பதாம் பாகத்தில் மழை.
கிட்டிடம் ஒரே குடை.
அதற்குள் ஃபா போகிறாள்.
பேருந்து நிறுத்தத்தில் நாம் மட்டும் நனைந்து
‘மாய் பென் ராய்’ என்கிறாள்.
கீழே மலாயில் ‘தாக் அப்பா’ என்று ஓடுகிறது.
‘பரவால்லயாம், பாவம்’ என்கிறாள் லோஷினி.
ஒரு பொய்யை மூன்று மொழியில் கேட்டுவிட்டுத்
தட்டைக் கழுவப் போனேன்.

பத்தாம் பாகத்தில்
படம் நின்று வட்டம் சுற்றியது.
கறுத்த திரையில் நாங்கள் தெரிந்தோம்:
நடுவில் அவள்,
இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம்
அவன் சுண்டுவிரல் அவள் சுண்டுவிரல்மேல்.
எவ்வளவு நாளாகவோ.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
வைஃபையைத் திட்டினேன்.

சனிக்கிழமை பூலாவ் தீக்குஸ் போனோம்,
‘தாய் நாட்டுக்குப் போக காசில்லை,
தாய் கோயிலுக்காவது போவோம்’ என்று.
உள்ளே புத்தர் நீட்டிப் படுத்திருந்தார்,
தலைக்குக் கை கொடுத்து,
கடைசிப் பாகம் முன்பே தெரிந்துவிட்ட முகத்தோடு.
‘நீ எடு, நீதான் நல்லா எடுப்ப’ என்றார்கள்.
எடுத்தேன்.
புத்தரின் கால்விரல்கள் அத்தனையும் வரும்படி,
இருவருக்கும் நடுவே
இடைவெளி இல்லாதபடி.

எதிர்ச்சாரியில் பர்மியக் கோயில்.
அங்கே புத்தர் நிற்கிறார்.

தர்வின் செண்டோல் வாங்கப் போன நேரத்தில்
லோஷினி என் கையைப் பிடித்தாள்.
உள்ளங்கை வேர்த்திருந்தது.
‘ஒன்னு கேட்டா கோச்சுக்க மாட்டியே?
நீ அவன…?’

அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.
எல்லாரும்.
நாம் விஷயத்தில்
நாங்களும் அப்படித்தானே நினைத்தோம்,
மழையில் அவள் கண்
குடை பிடித்தவனைப் பார்த்ததாக.

அவனை இல்லை.
இரண்டாம் வேற்றுமைதான், உருபு சரிதான்,
சொல் மட்டும் வேறு.
ஒற்றைச் சொல். நாக்கு நுனிவரை வந்தது.
சாலையில் ஒரு சுற்றுலாப் பேருந்து
மூச்சு விட்டு நின்று
நாற்பது பேரை இறக்கியது.

‘மாய் பென் ராய்’ என்றேன்,
நாமின் குரலிலேயே, மூக்கால் இழுத்து.
அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.
நான் நன்றாக நடிப்பேன் என்று
தர்வினிடமும் சொன்னாள்.
செண்டோலில் ஐஸ் கரைந்து
சிவப்பு பீன்ஸ் மட்டும் அடியில் கிடந்தது.

கடைசிப் பாகத்துக்குக் காத்திருப்பதாகச் சொன்னார்கள்.
அசைன்மெண்ட் என்றேன், பிறகு அம்மா என்றேன்,
பிறகு எதுவும் சொல்லாமல்
வெள்ளி மாலை பஸ் ஏறினேன்.

பாலத்தில் நெரிசல்.
இரண்டு பக்கமும் கடல், சாம்பல் நிறத்தில்,
தாய் மொழியில் சொன்னால் வெறும் நாம்.
கைப்பேசியில் தனியே பார்த்தேன்.
ரயில் நிலையம். ஃபா வருகிறாள்.
நாம் வாயைத் திறக்கிறாள்.
திறந்த வாயோடு நிற்கிறாள்.
டேட்டா முடிந்துவிட்டது.

பிறையின் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது
எங்கிருந்தோ கொஞ்சம் லைன் வந்து
லோஷினியின் செய்தி ஒன்று நுழைந்தது:
‘ஏய் பாத்தியா!
நாம் கடைசில சொல்லிட்டாடி!’

என்ன சொன்னாள்,
யாரிடம்,
எழுதவில்லை.