பழுப்புத் தூள்

மத்தி எண்ணெய்க்குக்
காற்றுதான் எமன்.
கடலுக்குள் இருந்தவரை இது தெரியாது அதற்கு.

துறைமுகத்திலிருந்து டின் வந்து இறங்கிய காலை
வெயில் நிறத்தில் தெளிந்திருந்தது.
இதயத்துக்கு நல்லது, கண்ணுக்கு நல்லது,
வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு நல்லது
என்று அட்டையில் அச்சடிக்கச்
சென்னையில் ஆட்கள் தயார்.
எட்டாம் நாள் மூடியைத் திறந்தால்
சிப்காட் சுவரே முகம் சுளிக்கும்.
எத்தனையோ வாடை பார்த்த சுவர் அது.

என் வேலை சின்னது.
நாற்பது டிகிரி அடுப்பில் வரிசையாய்க் குப்பிகள்.
வாரம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து,
ஸ்டார்ச் விட்டதும் கருநீலமாய்த் திரள்வதை
பியூரெட் குழாயைத் திருகித் திருகி
எந்தத் துளியில் நீலம் போகிறதென்று பார்க்கவேண்டும்.
அதிகத் துளி கேட்டால்
எண்ணெய் அவ்வளவு காறிவிட்டதென்று கணக்கு.
நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு,
மூன்று முறை சோப்பால் கைகழுவி பஸ் ஏறினாலும்
பக்கத்து சீட் காலியாகவே வரும்
திருப்பாதிரிப்புலியூர் வரை.

எதற்குள் பொதிவது?
ஜெலட்டின் என்றால்
எதன் எலும்பு என்று கேட்பாள் தஸ்லீமா.
சூடான் பிசின் கப்பலில் வரவேண்டும், விலையோ கேட்கவே வேண்டாம்.
கடைசியில் தாழங்குடா பக்கம் வெட்டிய சவுக்கு,
சாரத்துக்கும் பந்தலுக்கும் போக மிஞ்சிய துண்டு.
சீவி, அழுத்தக் கலனில் வெந்நீரில் வேகவைத்தோம்.
இறங்கிய கஞ்சி
டீக்கடை டிகாக்ஷனைவிட ஒரு படி வெளிறல்.
அதிலுள்ள பசை
ஒரு கையால் எண்ணெயைப் பிடிக்கும், ஒரு கையால் தண்ணீரை.
"சம்பந்தி சண்டையில் ரெண்டு பக்கமும் நல்லவளாகிற
எங்க மாமி மகள் மாதிரி" என்றாள் தஸ்லீமா.
அடித்துக் கலக்கிச்
சூடான காற்றில் பனியாய்த் தெளித்தால்
தூளாய் விழும்.
துகளுக்குத் துகள்
சுற்றிலும் மரம் நிற்கும் ஒரு சொட்டுக் கடல்.

விருத்தகிரி சாருக்கு நிறம் பிடிக்கவில்லை.
"மைதா மாதிரி வேணும். இதை யார் வாங்குவா?"
வடிகட்டினோம். ஸ்பிரிட் ஊற்றிப் படியவைத்தோம்.
கரியில் கடத்தினோம்.
லிக்னின் என்கிற அந்தக் கறையை
மூன்று மாதம் துரத்தினோம்.
பால் வெள்ளை.
ஃபோட்டோ எடுத்து மேலே அனுப்பினார்.

பழைய பழுப்பு ஒரு குப்பி
அடுப்பின் கடைசி வரிசையில்
யாரும் கொட்டாமல் கிடந்தது.
சோம்பல்தான், வேறு காரணமில்லை.

வெள்ளைத் தூள் பதினாறாம் நாள்
என் பியூரெட்டைக் காலிசெய்தது.
மறுபடி செய்தேன். மறுபடி காலி.
சார் முதலில் என் கையைச் சந்தேகப்பட்டார்,
அப்புறம் குழாயை,
அப்புறம் ரசாயனம் வாங்கிய கடையை.

தரை துடைக்க வந்த அஞ்சலாட்சி
(சோனங்குப்பம், வீட்டுக்காரர் சுருக்குவலைப் படகில்)
யாரும் கேட்காமலேயே வெள்ளைக் குப்பியை முகர்ந்தாள்.
"மூணு நாளு ஐஸ் இல்லாத மத்தி."
பழுப்பை முகர்ந்தாள். திரும்பவும் முகர்ந்தாள்.
"இதுல மீனே இல்லியே.
மழ விட்டப்புறம் சவுக்குத் தோப்புல
ஒண்ணு அடிக்கும் பாரு, அது."

அளந்தேன்.
அந்தக் குப்பிக்கு அன்று நூற்றுப் பதினெட்டாம் நாள்.
மூன்றே துளி, நீலம் போய்விட்டது.

அழுக்கென்று நாங்கள் துரத்தியதுதான்
காற்றை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது,
எண்ணெய்க்கு முன்னால் தான் கெட்டு.

அறிக்கையில் இதை எப்படி எழுதுவதென்று
சார் இரண்டு நாள் யோசித்தார்.
'இயல்பான மர நிறம்' என்று எழுதினார்.
அஞ்சலாட்சி அதில்
'முகர்வுச் சோதனை, நபர் ஒன்று.'

அந்தத் தூள் போட்ட பிஸ்கட் ஒரு பொட்டலம் கொடுத்தோம்.
பிள்ளைகள் தின்றுவிட்டார்களாம்.
வீட்டுக்காரர் ஒன்றைக் கடித்துப் பார்த்து
"நம்ம மீன் எங்கடி இதுல?" என்றாராம்.
வயிற்றுக்குள் போய்த்தான் திறக்கும் என்று சொல்லச் சொன்னேன்.
சொல்லியிருக்கிறாள்.
"அங்க போயி யாரு பாக்குறது"
என்று அடுத்த பிஸ்கட்டை எடுத்தாராம்.