ஐந்து கட்டங்கள்

கீழே டயர்க்கடை. மேலே நாங்கள்.
டத்தோ கிராமாட் சாலை விழிக்கும் முன்
பதினான்கு நாற்காலிகளும் நிறைந்துவிடும்.

முதலில் எடை.
தராசில் ஏறும் முன் பச்சையப்பன்
சாவி, சில்லறை, திருநீற்றுப் பொட்டலம் எல்லாவற்றையும்
என் கையில் கொட்டுவார்,
சோதனைச் சாவடியில் நிற்பவரைப்போல.
"எவ்வளவு மிஸ்ஸி?"
"ஒண்ணு புள்ளி மூணு கூட."
"அட" என்கிறார், தனக்கே சபாஷ் போட்டுக்கொண்டு.

கழுவிய இடக்கை என் முன்னால்.
மூன்று விரல் வைத்துப் பார்க்கிறேன்.
தோலுக்கடியில் இரத்தம் உறுமுகிறது.
"எஞ்சின் ஓடுதா?"
ஆயர் ஈத்தாம் பாதையில்
இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டியவர்.
"ஓடுதுண்ணே."

இன்று ஊசியோடு ஒரு படிவமும்.
வாழ்க்கைத் தரம், பதினொரு பக்கம்.
தமிழ்தான், யாரும் பேசாத தமிழ்.
சர்க்கரை அவர் பார்வையில் பாதியைத் தின்றுவிட்டதால்
நான் வாசிக்கிறேன், அவர் சொல்கிறார்,
நான் கட்டத்தில் கோடிடுகிறேன்.

கடந்த நான்கு வாரங்களில் திரவக் கட்டுப்பாடு
தங்களை எந்த அளவுக்குத் தொந்தரவு செய்தது?
ஒன்று, சற்றும் இல்லை.
ஐந்து, மிக மிக அதிகம்.

மின்விசிறியைப் பார்த்தபடி இருக்கிறார் கொஞ்ச நேரம்.

"பூசத்துக்குத் தண்ணீர்மலை போனேன் மிஸ்ஸி.
எங்க டிப்போ பந்தல்ல கரண்டி என் கையிலதான்,
பத்தொன்பது வருஷமா.
சிரப் ஒரு அண்டா, ஐஸ் தண்ணி ஒரு அண்டா.
எத்தனை ஆயிரம் பேருக்கு ஊத்தினேனோ.
என் நாக்கு உப்புத்தாள் மாதிரி.
ஒரு சின்னப் பொண்ணு
'நீங்க குடிக்கலையா மாமா'ன்னு
ரெண்டு கையாலயும் கோப்பையை நீட்டுச்சு.
வேணாம்னு சொல்ல முடியுமா, வாங்கிட்டேன்.
அந்த நேரம் பார்த்து ஒரு காவடிப் பையன்
தார் சுட்டு, காலை மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு நின்னான்.
அவன் காலுல ஊத்திட்டேன்."

பிறகு கேட்டார்:
"அது எந்த நம்பர்?"

கட்டங்கள் ஐந்துதான்.
ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இடம்.
"நீங்கதான் சொல்லணும்ணே."
"நாலு போடு.
அன்னிக்கு மட்டும்னா ரெண்டு."
நாலு போட்டேன்.

ஏழாம் பக்கத்துக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.
அந்தப் பதில்களை
இந்தக் கவிதையும் கேட்கக் கூடாது.

ஒன்பதாம் பக்கம்:
இங்குள்ள தாதியர் தங்களை
மரியாதையுடனும் கவனத்துடனும் நடத்துகின்றனரா?

"அஞ்சு. பெரிசாப் போடு."

பேனா நகரவில்லை.
போன மாதம் இதே கையில் இரண்டு முறை தவறினேன்.
முழங்கைவரை நீலம் பரவியது.
"பரவால்ல, இன்னொண்ணு குத்து" என்றார்.
மூன்றாவது குத்து என்னுடையதல்ல.
ஃபர்ஹானாவைக் கூப்பிட்டேன்.
அறிக்கையில் என் பெயரை முழுதாக எழுதினேன்.
அந்த நீலம் மஞ்சளாகி, பிறகு தோலாகிவிட்டது.
அவர் கை மறந்துவிட்டது.
என் கை மறக்கவில்லை.

"ஃபர்ஹானா, மலாய்ப் படிவம் எடுத்துட்டு வா.
இந்தப் பக்கத்தை நீ கேளு."
"ஏன் மிஸ்ஸி, கோவமா?"
"உங்க பஸ்ஸுக்கு நீங்களே
இன்ஸ்பெக்‌ஷன் சீட்டு எழுதுவீங்களாண்ணே?"
அவர் சிரித்ததில் இரத்தக் குழாய் ஆடியது.
இயந்திரம் ஒருமுறை அலறி அடங்கியது.
பக்கத்து நாற்காலியில் கீட் செங் கண் திறந்து மூடினார்.

தண்ணீர் சுத்திகரிக்கும் அறைக்கு வந்தேன்.
குளோரின் பார்க்க வேண்டிய நேரம்.
ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு
நூற்றிருபது லிட்டர்.
மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கமாக,
நாலு மணி நேரம் அவரை உரசிக்கொண்டே ஓடும்.
அவர் குடிக்க அதில் ஒரு சொட்டில்லை.
தாள் நிறம் மாறவில்லை. குறித்துக்கொண்டேன்.
கதவுக்கு வெளியே இரண்டு குரல்கள்,
எண் எதுவும் கேட்கவில்லை.
திரும்பியபோது உறையை ஒட்டியிருந்தார்கள்.

ஊசிகளை எடுத்தபின்
பத்து நிமிஷம் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தேன்.
"என்ன போட்டேன்னு கேக்க மாட்டியா?"
"மாட்டேண்ணே."
"கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

எழுந்தார், தள்ளாடினார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.
சாவி, பொட்டலம், சில்லறை
எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன்.
வாசலில் நின்று
சில்லறையை விரலால் தடவித் தடவி
எண்ணிப் பார்த்துக்கொண்டார்.