யாரும் இல்லை

சிவப்புக் கயிற்றில் கோத்துச் சாவியைத் தந்தாள் செண்பகவல்லி.
"கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுத் திருப்பணும்,
இல்லாட்டி பூட்டு அடம் பிடிக்கும்."
ஆன்டாப் ஹில், நான்காம் மாடி.
லிஃப்ட் உண்டு;
அதற்குள் யாரோ சைக்கிளை வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

ஒரே அறை.
அதில் மூன்று பேராக இருந்தவர்கள்
எனக்காகச் சுவரை நோக்கி நகர்ந்துகொண்டார்கள்.
கட்டிலை ஆவுடையப்பன் ஓரமாய்த் தள்ளினார்.
புத்தகங்களைத் தையல் மெஷின் மேல் ஏற்றினாள் ரிதுஜா.
அலமாரியில் ஒரு தட்டு எனக்கு:
மராத்தித் தினத்தாள் விரித்து,
நான்கு பாச்சை உருண்டை போட்டு.

மட்டக்களப்பில் நிறுவனத்தார் சொல்லி அனுப்பினார்கள்,
"உமக்கு லேசு, அங்கயும் தமிழ்தானே."

முதல் நாள் சவர்க்காரம் கேட்டேன்.
மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.
ரிதுஜா ஓடிப்போய்
சர்க்கரை டப்பாவைத் திறந்து நீட்டினாள்.
காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கி வரவா என்றேன்.
"இந்த வயசுல வெத்தலைப் பழக்கமா?"
முகம் சுளித்தார் ஆவுடையப்பன்.
காந்தா நறுக்கு என்றாள் செண்பகவல்லி,
யார் அந்தக் காந்தா என்று நான் கேட்டேன்.
கதிரை, கதைக்கிறது, கெதியா...
ரிதுஜா தன் ஹிந்தி நோட்டின் கடைசிப் பக்கத்தில்
என் சொற்களை எழுதி வைத்தாள்,
பிடித்த பூச்சிகளைப் போல.

நாலரைக்குத் தண்ணீர் வரும்,
ஐந்தேகாலுக்குப் போய்விடும்.
அதற்குள் அவர்கள் வாளிகளோடு
என்னைத் தாண்டித் தாண்டி நடப்பார்கள்.
ஒரு சொல் பேசுவதில்லை.
என் காலில் ஒரு சொட்டு விழுந்தால்
யாரோ "ச்சு" என்பார்கள், தண்ணீரிடம்.
எழுந்து வந்தால்,
"நீ படும்மா. வேலைக்குப் போற பிள்ளை."

பரேலில், வைத்தியத்துக்கு வந்த பிள்ளைகள் தங்கும் விடுதியில் வேலை.
ஊசி ஏறி விறைத்த கைகளுக்குக்
களிமண் பிசையப் பழக்குவது.
பிகாரிலிருந்து வந்த பையன் ஒருவன்
தினமும் ஒரு யானை செய்தான்,
தினமும் நசுக்கினான்.
சம்பளமில்லை எனக்கு. ஆனால் அவர்களுக்கு
நிறுவனம் மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தது.
அது எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.
மீனின் நடுத்துண்டு என் தட்டில் விழும்போதெல்லாம்
அந்தக் காசும் எங்களோடு
சப்பணம் கொட்டி உட்கார்ந்து சாப்பிட்டது.

இரண்டாம் கிழமை காய்ச்சல். தனியே படுத்திருந்தேன்.
கதவைத் தட்டினான் கேஸ்காரன்.
"கர் மே கோயி ஹை?"
இவ்வளவு ஹிந்தி எனக்குப் பழகியிருந்தது.
கதவை முழுக்கத் திறந்து,
அவன் முன்னால் நின்று,
"கோயி நஹீ" என்றேன்.
மேலிருந்து கீழ்வரை என்னைப் பார்த்தான்.
சிலிண்டரைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டு
நான்கு மாடியும் இறங்கிப் போனான்.

இரவு, உலை பாதி கொதிக்கையில்
அடுப்பு நீலமாய் ஒருமுறை நடுங்கி அணைந்தது.
சொன்னேன்.
ஆவுடையப்பன் சிரித்துச் சிரித்து இருமினார்.
ரிதுஜா "கோயி நஹீ, கோயி நஹீ" என்று
கட்டிலில் உருண்டாள்.
செண்பகவல்லி சிரிக்கவில்லை.
கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்:
"அப்போ நீ யாரு?"

என் தமிழிலும் சொல் இல்லை,
அவள் தமிழிலும் இல்லை.

கீழே போய் வடாபாவ் வாங்கி வந்தார்.
தினத்தாள் விரித்து, எட்டு.
ஆளுக்கு இரண்டு.
எல்லாம் ஒரே அளவு.
கடைசிப் பச்சை மிளகாய்க்கு
ரிதுஜாவும் நானும் சண்டை போட்டோம்.

விடியவில்லை இன்னும்.
ஒரு கால் என் முதுகை இடித்தது,
மெதுவாகவும் இல்லை.
"எந்திரி. அந்த நீல டிரம்மைப் பிடி,
மூடி எங்க வச்சே?"

இருட்டில் குழாய்
இரண்டு தரம் இருமியது.