இரவு இரண்டு முதல் நான்கு வரை

ஒருவழியாகக் கிடைத்தது.
வெள்ளி பின்னிரவு, இரண்டு முதல் நான்கு.
மணிக்குத் தொள்ளாயிரம், ஜிஎஸ்டி தனி.
பகலெல்லாம் உள் ஆட்களுக்காம்.
குரோம்பேட்டையிலிருந்து வருகிற நான்
ஏதோ கடல்கடந்து வருகிறவள் போல.

ஏழு மாதம்.
முதல் கடிதம் எங்கள் துறைத்தலைவர் மேசையில்
பதினொரு நாள் காபி டம்ளரைத் தாங்கியது.
வட்டக் கறையோடுதான் மேலே போனது.
இரண்டாவதில் "மேன்மைமிகு" விட்டுப்போயிற்று.
மூன்றாவதற்குப் பதில் வந்தது:
ஒப்பந்தம் இருந்தால்தான் மெஷினைத் தொடலாம்.
மெஷினைத் தொட்ட சான்று இருந்தால்தான்
ஒப்பந்தம்.

நெறிமுறைக் குழுவில்
இருபத்து நான்கு எலி கேட்டிருந்தேன்.
பதினெட்டில் முடியுங்கள் என்றார்கள்.
கோபம்தான் வந்தது.
பிறகு, பேருந்தில் வரும்போது,
அடித்துவிட்ட அந்த ஆறையும் நினைத்துச் சிரித்தேன்.
என் விண்ணப்பத்தில் பிறந்து
என் விண்ணப்பத்திலேயே தப்பித்தவை.

மீன்காரரிடம் வாங்கிய தெர்மாகோல் பெட்டி,
மூன்று கிலோ உலர்பனி,
மேலே பழைய துண்டு.
கடைசி மின்ரயிலில் எதிரே இருந்தவர்
பெட்டியோரம் கசியும் புகையைப் பார்த்து
"வஞ்சிரமா?" என்றார்.
"சிறுநீரகம்."
எலியுடையது என்று சொல்லி முடிப்பதற்குள்
பழவந்தாங்கல் வந்துவிட்டது.
இறங்கி வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

தரமணி கேட்டில்
மெயிலுக்குச் சீல் இல்லையே என்றார் காவலாளி.
யாருக்கோ போன் போட்டார், எடுக்கவில்லை.
மறுபடி போட்டார்.
உலர்பனி உருகுவதில்லை,
சத்தமில்லாமல் இல்லாமல் போகிறது.
மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன்.
நோட்டில் கடைசியில் எழுதினார்:
ஐஸ் பெட்டி ஒன்று. லேடி ஒன்று.

உள்ளே எப்சிபா, டெக்னீஷியன்,
ஜூன் மாதச் சென்னையில் ஸ்வெட்டர் போட்டிருந்தார்.
முந்தைய ஆள் கிரையோஸ்டாட்டின் கண்ணாடியை
மூடாமல் போயிருக்கிறான்.
மைனஸ் இருபதில் இருக்க வேண்டியது
மைனஸ் ஒன்பதில் நின்றது.
அது குளிர்ந்து இறங்குவதற்குள்
மணி இரண்டே முக்கால்.

பதினெட்டுச் சிறுநீரகம், நூற்றிருபது நிமிடம்,
ஒன்றுக்கு ஆறு நிமிடம் நாற்பது வினாடி.
பேருந்து டிக்கெட்டின் பின்னால் போட்டு வைத்த கணக்கு.
கத்தி வருட
ஆறு மைக்ரானில் சுருண்டு எழுந்தது முதல் சீவல்.
தூரிகை நுனியால் நீவிப் படிய வைத்தேன்.
மூச்சுவிட்டால் பறந்துவிடும்,
மூச்சை அடக்கினால் கை நடுங்கும்.

நான்கு மணிக்குப் பதினொன்று முடிந்திருந்தது.
"அடுத்த ஸ்லாட் எப்போ கிடைக்கும்?"
"நவம்பர்."
சொல்லிவிட்டு எப்சிபா
அட்டவணையைச் சற்று நேரம் பார்த்தார்.
"நாலு டு ஆறு ஒரு பெரியவர் பேர்ல இருக்கு.
மூணு வருஷமா போட்டு வெக்கிறார்.
ஆளைப் பார்த்ததில்ல."
சாவியை மேசைமேல் வைத்தார்.
"நான் டீ குடிச்சுட்டு வரேன்.
கடை தூரம்."

திரும்பி வந்தபோது ஐந்து ஐம்பது.
எனக்கும் ஒன்று வாங்கி வந்திருந்தார்,
பிளாஸ்டிக் பையில், ஆறிப்போய்.
வெளியேறிய நேரம் என்ற கட்டத்தில்
4.00 என்று அவரே எழுதியிருந்தார்.

மருந்து வேலை செய்கிறதா என்று
இப்போதே கேட்காதீர்கள்.
அதைப் பார்க்க வேறொரு மெஷின்.
அது பெருங்குடியில் இருக்கிறது.
இந்த முறை "மேன்மைமிகு"வை
முதலில் எழுதிவிடுகிறேன்.