ஏழு நொடிக் கால்

மக்வாலாவின் இடது கால் மடங்காது.
தொண்ணூற்றாறில், பனியில், ஒரு பால் வண்டி.
அதற்கு மேல் அவள் சொன்னதில்லை,
நானும் கேட்டதில்லை.
எதிர்க்கடைக்காரன் நான். சாவி வெட்டுகிறேன்.

எங்கள் குத்தாய்சியில் ரொட்டி அடுப்பென்றால்
இடுப்புயரக் களிமண் குழி, அடியில் தணல்.
மாவை நீட்டி இழுத்து
தலைகீழாய் உள்ளே சரிந்து
சுவரில் அறைந்துவிட்டு மீள வேண்டும்.
எல்லோரும் அப்படித்தான் சரிகிறார்கள்.
அவள் சரியும்போது மட்டும்
அந்தக் கால் பின்னால் எழும்பும்,
மெதுவாக,
ரயில்வே கைகாட்டி மாதிரி.
இருபத்தெட்டு வருடம் பார்த்திருக்கிறேன்.
ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

விமானத்துக்கு நேரமிருந்த ஒரு பையன்
ஏழு நொடி எடுத்தான்.
இடுப்புக்கு மேல் இல்லாத ஒரு பெண்,
பச்சைக் கம்பளிக் காலுறை,
வானத்தைக் கேள்வி கேட்கும் ஒரு செருப்பு.
அடியில் ஏதோ ஒரு பாட்டை ஒட்டினான்.
ரொட்டியைத் தின்றான்.
பறந்து போனான்.

செவ்வாய்க்கிழமை நாற்பது பேர் பார்த்திருந்தார்கள்.
புதன் காலை என் மருமகன் வார்சாவிலிருந்து கூப்பிட்டான்:
"மாமா, உங்க தெருவா அது?"
வியாழன்
ஒரு பல் மருத்துவர் சலவை இயந்திரத்துக்குள் சரிந்தார்,
கால் தூக்கி.
மணப்பெண் ஒருத்தி கார் டிக்கிக்குள்.
மணிலாவில் தீயணைப்புப் படை மொத்தமும்
வரிசையாகக் குப்பைத்தொட்டிகளில்.
யாரோ நாயைப் பழக்கியிருந்தார்.
கால் எழும்போது பெருமூச்சு விட வேண்டுமென்று
ஒரு விதி எங்கிருந்தோ வந்து சேர்ந்தது.
அடுப்புக்குள் யாரும் மூச்சு விடுவதில்லை.
அதை யாரிடம் போய்ச் சொல்ல?

சாவித் தொழிலில் ஒரு சங்கதி உண்டு.
மூலச் சாவியைப் பார்த்து வெட்டினால் கதவு திறக்கும்.
நகலைப் பார்த்து வெட்டினால்
கொஞ்சம் ஆட்டித் திறக்கலாம்.
நகலின் நகலுக்கு நகல் கேட்டு வருகிறவரிடம்
காசு வாங்க எனக்குக் கை வராது.
பளபளப்பு மட்டும் குறையவே குறையாது,
அதுதான் வேடிக்கை.

பிறகு வலது காலைத் தூக்கினார்கள்.
பிறகு இரண்டையும்.
பிறகு குழியே வேண்டாமென்று ஆயிற்று.
கடைசியில் நின்ற இடத்தில் நின்று
பெருமூச்சு மட்டும் விட்டார்கள்.
அதற்கும் எங்கள் ஊர்ப் பெயர்தான்,
எழுத்துப் பிழையோடு.

சரி, ஒளிப்பானேன்.
நானும் மூன்று பேருக்கு அனுப்பினேன்.
அனுப்பும்போது சிரித்தேன்.

தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள்.
விளக்கு, குடை, உதட்டுச்சாயம் பூசிய ஒலிவாங்கிப் பெண்.
மக்வாலா சரிந்தாள்.
கால் எழவில்லை.
பார்க்கிறார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது போல.
"கொஞ்சம் உயரமா, இன்னும் கொஞ்சம்."
நாலாவது தடவை அவளே தூக்கினாள்.
கைதட்டினார்கள்.
அன்று பதினோரு ரொட்டி கருகிற்று.
காலுறையை விலைக்குக் கேட்டார் ஒருவர்.
கொடுக்கவில்லை. அவளிடம் இருந்ததே ஒரு ஜோடி.

பன்னிரண்டாம் நாள்
லீமாவில் ஒரு பூனை தும்மியது.
தும்மிய வேகத்தில் மாடியிலிருந்து விழுந்தது பூந்தொட்டி,
பூனை விழவில்லை.
எங்கள் தெரு காலி.

இப்போது விடிகாலை ஐந்து.
ஷட்டரைத் தூக்கினேன், விரல் ஒட்டிக்கொள்ளும் குளிர்.
எதிரே அவள் சரிகிறாள்.
கால் எழுகிறது,
பாதியில் நிற்கிறது,
இறங்குகிறது, மறுபடி கொஞ்சம் எழுகிறது.
குழிக்குள்ளிருந்து ஒரு குரல், குடத்துக்குள் பேசுவது போல:
"ஓத்தியா,
முன்னெல்லாம் இது எவ்வளவு உயரம் போகும்?"

இருபத்தெட்டு வருடம் பார்த்தவன்.
சொல்ல வாயெடுத்தேன்.
கண்ணுக்குள் வந்து நின்றது
அந்தப் பையனின் ஏழு நொடிதான்.
பாட்டோடு.