நீலம்

தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள்.
கொம்தார் பக்கம் போனவர்கள்
கார் நிறுத்த இடம் கிடைக்காத கதையோடு
வீடு திரும்புகிறார்கள்.
நான் சமையல் மேசையில்
பழைய பிஸ்கட் டின்னைத் திறக்கிறேன்.

உள்ளே சீட்டுகள்.
பேருந்து ரசீதின் முதுகு, மருந்துக் கடை உறை,
தொழிற்சாலை லேபிளின் கிழிந்த பாதி.
யாராவது போகிற போக்கில் சொன்னதை
ஆண்டு முழுக்க எழுதிப் போட்டு வைத்தவை.

'குடைக் கம்பி குத்துகிறது.'
ரொஹாயா, மார்ச் மாதம், பாயான் லெப்பாஸ் நிறுத்தத்தில்,
நாங்கள் இருவரும் பாதி நனைந்தபடி.
'இந்த வீட்டில் ஒரு கத்தரிக்கோலும் வெட்டாது.'
சின்ன நாத்தனார், மீன் பொட்டலத்தைப் பல்லால் பிரித்துக்கொண்டே.
'கண்ணாடியை எங்கே வைத்தேன்?'
வீரையன் மாமா. ஒரே சாப்பாட்டில் மூன்று முறை.
அவருக்குக் கழுத்துக் கயிறு, ஐந்து வெள்ளி.

கீழ்வீட்டுச் சியூ லான் எதுவும் கேட்டதில்லை.
என் மீன்குழம்பு கொதிக்கும் நேரம்
அவள் சன்னல் திறக்கும் சத்தம் மட்டும் வரும்.
அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.
ஒரு போத்தல் குழம்புத் தூள்.

முன்பெல்லாம் நானும் அலைந்தவள்தான்.
லெபோ பசார் நெரிசலில்
பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு கண்ணாடிக் கிண்ணம்,
ஒரே பூ, ஒரே பெட்டி.
அடுத்த ஆண்டு அதில் ஒன்று
என்னிடமே திரும்பி வந்தது.
அடியில் என் கையெழுத்து அழியாமல்.
அன்றைக்குத்தான் இந்த டின் காலியானது.

தாளுக்கும் செலவில்லை.
சுவரில் தொங்கும் குதிரை நாள்காட்டி
சனவரி முதல் அக்டோபர் வரை
கட்டிலுக்கடியில் சுருண்டு கிடக்கிறது.
அவரவர் பிறந்த மாதத்தில் அவரவரைச் சுற்றுகிறேன்.
ரொஹாயாவின் குடை ஏப்ரலுக்குள் அடங்கவில்லை,
கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.
நீட்டட்டும்.
பார்த்ததும் குடை என்று தெரிந்தால்
யாருக்கு என்ன நட்டம்?

ஒட்டு நாடாவின் நுனியைத்
தேடித் தருவது குணாளன் வேலை.
நகம் வளர்க்காத மனிதர்,
உருளையைக் காதருகே வைத்துச் சுற்றுகிறார்,
உள்ளே ஏதோ பேசுவதுபோல.
முடிச்சுப் போடும்போது விரலை வைக்கச் சொன்னால்
வைத்த விரலை எடுக்க மறந்துவிடுவார்.
ஒருமுறை அவரையும் சேர்த்தே கட்டினேன்.

கடைசியில் ஒரு சீட்டு.
'தவநேசி – நீலம்.'
அவ்வளவுதான்.

என்ன நீலம்?
சேலையா, சுவருக்குப் பூச்சா,
வங்கியில் தொலைத்த பேனாவா?
பின்புறம் பெர்ரிச் சீட்டு, சூன் மாதம்.
பட்டர்வொர்த் போனோமா? எதற்கு?
குணாளன், 'போன் போட்டுக் கேள்' என்கிறார்.
கேட்டால் அது பரிசா, ஆர்டரா?
அவள் பிறந்தது வேறு திசம்பரில்.
அந்தத் தாள் இன்னும் சுவரில் இருக்கிறது,
கிழிக்க மனம் வரவில்லை.

தீபாவளி மாலை, மழை விட்ட நேரம்,
அச்சு முறுக்குத் தட்டை நகர்த்திவிட்டு
அந்தச் சீட்டையே அவள் கையில் வைத்தேன்.
படித்தாள். திருப்பினாள். மறுபடி படித்தாள்.
'நானா சொன்னேன்?'
'நீதான்.'
'எந்த நீலம்?'
'அதைத்தான் நானும் கேட்கிறேன்.'

கடலா என்றாள், இல்லை, அன்று கடல் சாம்பல் நிறம்.
பக்கத்து இருக்கைக் குழந்தையின் சட்டையா?
ஊதாவுக்கும் நீலத்துக்கும் நடுவில்
அவள் அக்காள் கல்யாணத்தில் நடந்த சண்டையா?
அந்தச் சண்டை முழுக்கத் திரும்ப நடந்தது.
தேநீர் இரண்டு முறை ஆறியது.
எட்டரைக்கு எழுந்தாள், நீலம் கிடைக்காமலே.

சீட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு
லிஃப்ட் கதவு மூடும்போது சொன்னாள்:
'உன் வடிகட்டியில் ஒரு தூள்கூட இறங்கவில்லை,
எங்கே வாங்கினாய்?'

வீட்டுக்குள் வந்ததும் எழுதினேன்,
இம்முறை முழுதாக:
தவநேசி – தேநீர் வடிகட்டி. சின்னது.
மரப்பிடி.